புது வெள்ளத்துக்கு அரைப்பேர் போடுகிறவர்களுக்கு

வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் கதைப் புத்தகம் வாசிக்கிற தம்பி தங்கைகளுக்கும், அவர்களுக்குப் புத்தகத்தை இரவல் கொடுத்துவிட்டுத் திரும்பி வருமா என்று வழி பார்த்திருக்கிற ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலுக்குக் காரணம் ஒரு பழைய பிரதி. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முதற் பாகம், 'புது வெள்ளம்'. போன வருடத்துக் கலண்டர் தாளில் அட்டை போட்டிருக்கிறது. முதுகு பிரிந்து, உரப்பை தைக்கிற நூலால் யாரோ தைத்திருக்கிறார்கள். எத்தனை லயம் ஏறி இறங்கியதோ தெரியாது. பக்க மூலைகளில் கொழுந்துக் கறை படிந்த விரல்களின் அடையாளம் இருக்கிறது. கதையை விடச் சுவையானது அதன் ஓரங்களில் உள்ள பென்சில் எழுத்து. இரண்டாம் அத்தியாயம் முடிகிற இடத்தில் ஒரு கை எழுதியிருக்கிறது: "இன்னும் ஏரிக்கரையிலேயே நிற்கிறான்." அதற்குக் கீழே வேறொரு கை: "அவசரம் என்றால் பஸ்ஸில் போகச் சொல்லு." 'ஆற்றங்கரை முதலை' என்ற அத்தியாயத்துக்குப் பக்கத்தில் "சின்னப்பிள்ளை விளையாட்டு" என்று ஒருவர், "நான் சிரித்தேன்" என்று இன்னொருவர். கடைசிப் பக்கத்தில் "முடிவே இல்லையே!" என்ற அலறலுக்கு "இதுதானே தொடக்கம்" என்று பதில். அதற்கும் கீழே, அழுத்தி எழுதிய நான்காவது கை ஒன்று: "ராஜாக்கள் கதையில் நமக்கு என்ன பங்கு?"

அந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் எழுதவில்லை.

புத்தகத்தைச் சுற்றிய சண்டை பென்சிலோடு நிற்கவில்லை என்பதும் இதை எழுதுகிறவர் காதுக்கு வந்தது. ஒரு தரப்பு ஐந்து பாகத்தையும் தலையில் வைத்து ஆடுகிறது. இன்னொரு தரப்பு முதற் பாகத்தின் எழுபதாம் பக்கத்தில் மூடிவைத்து, அரைப்பேர் போட்டு அனுப்பிவிட்டது. காலை நிறுவையைப் பார்த்துவிட்டே ஒரு ஆளுக்கு அரைப்பேர் போட்டால் தோட்டத்தில் என்ன சத்தம் எழும் என்று உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்திக் கொழுந்தும் நிறுத்த பிறகுதானே பேர். அதற்காக, காலைக் கொழுந்தில் முற்றின இலை கிடந்தால் கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். இரண்டு தரப்புக்கும் சொல்ல வேண்டியது உண்டு.

முதலில், இந்தப் புத்தகம் புத்தகமாகப் பிறக்கவில்லை. 'கல்கி' வார இதழில் 1950 அக்டோபர் 29இல் தொடங்கி 1954 மே 16இல் முடிந்த தொடர்கதை. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 185 வாரம். ஐந்து பாகத்துக்கும் சேர்த்து முந்நூறு அத்தியாயத்துக்குச் சற்றுக் குறைவு. வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளலாம். 'புது வெள்ளம்' மட்டும் 57 அத்தியாயம். அன்றைய வாசகர் அதை முடிக்க அரை வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதைத் தவணை விடுமுறையில் நான்கு நாளில், அதுவும் கைப்பேசித் திரையில் விரலால் தள்ளித் தள்ளி வாசிக்கிறவருக்கு இரண்டு விதமான அலுப்பு வரும். ஒன்று, மெதுவாகப் போகிறது என்பது. மற்றது, ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் ஒரு கதவு திறக்கிறது, ஒரு கை தோளில் விழுகிறது, யாரோ "அபாயம்!" என்கிறார்கள் என்பது. இரண்டுமே நியாயமான குறைதான். ஆனால் ஒரு வாரம் காத்திருந்து வாங்கிய இதழில், வாசிக்கத் தெரிந்த ஒருவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க, சுற்றி நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தக் கைதான் அடுத்த வாரம்வரை ஆட்களைப் பிடித்து வைக்கும். இப்போதுள்ள வாசகர்களில் பலருக்குத் தடையாக இருப்பது அன்று கதையின் கொக்கியாக இருந்தது.

வாசகர் இரண்டு பக்கமாகப் பிரிந்ததும் இன்று நேற்று நடந்ததில்லை. தொடர் முடிந்தபோதே, திடீரென்று முடித்துவிட்டார், அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேள்விகள் குவிந்தன. கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முடிவு போதவில்லை என்று குறைப்பட்ட ஒரு கூட்டம் அன்றும் இருந்தது. தொடக்கம் நீளம் என்று குறைப்படும் கூட்டம் இன்று. அந்த வருட முடிவிலேயே, 1954 டிசம்பர் 5இல், கல்கி காலமானார்.

கடல் தாண்டியும் இதே கூத்துத்தான். 'பொன்னியின் செல்வன்' முடிந்து பத்து வாரம் கழித்து, 1954 ஜூலை 29இல், லண்டனில் டோல்கீனின் 'மோதிரத்தின் தோழமை' வெளிவந்தது. அதுவும் மூன்று பாகக் கதையின் முதற் பாகம். அதுவும் ஒரு பிறந்தநாள் விருந்தில் தொடங்கி, ஊரை விட்டுக் கிளம்பவே வெகுநேரம் எடுத்துக்கொள்கிற கதை. கவிஞர் ஆடன் அதைக் கொண்டாடி எழுதினார். அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1956இல் சிறுபிள்ளைக் குப்பை என்ற தொனியில் கிழித்துப் போட்டார். ஆடனே கவனித்த ஒரு விஷயம் உண்டு: இந்தக் கதையைப் பற்றி நடுவாந்தரமாகப் பேசுகிற ஒருவரையும் காணோம், தலையில் வைக்கிறார்கள் அல்லது தூக்கி எறிகிறார்கள் என்பது. உங்கள் பிரதியின் ஓரங்களைப் பார்த்தால் அவர் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

தமிழில் அண்மைய உதாரணமும் இருக்கிறது. ஜெயமோகன் 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலையில் முடித்த 'வெண்முரசு' 26 நாவல்களாக விரிந்த மகாபாரதம். அதன் முதல் நாவல் 'முதற்கனல்' நாகர்களிடமிருந்தும் ஜனமேஜயனின் வேள்வியிலிருந்தும் புறப்பட்டு, அம்பையின் நெருப்பில் போய்ச் சேர்கிறது. பாண்டவரும் கௌரவரும் அதில் பிறக்கவே இல்லை. அந்த மொழியில் மயங்கி இருபத்தாறையும் முடித்தவர்கள் உண்டு. முதல் இருபது பக்கத்தில் மூச்சு வாங்கி இறங்கியவர்களும் உண்டு. 2022 செப்டெம்பர் 30இல் வந்த மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' படத்துக்கு வசனம் எழுதியவரும் அதே ஜெயமோகன்தான்.

படம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பலர் படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவர்கள். படம் போர்க்களத்தில் குதிரையும் வாளுமாகத் தொடங்குகிறது. புத்தகமோ ஆடிப்பதினெட்டில், வீரநாராயண ஏரிக்கரையில், சித்திரான்னம் கட்டிக்கொண்டு வந்த குடும்பங்களுக்கு நடுவில் தொடங்குகிறது. வந்தியத்தேவன் குதிரையை நிறுத்தி ஏரியின் 74 கணவாய்களையும் அதில் பாயும் தண்ணீரையும் வேடிக்கை பார்க்கிறான். சண்டையை எதிர்பார்த்துப் போனவருக்கு இது ஏமாற்றம்தான்.

இந்த இடத்தில் வலப்பனைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் இருப்பதாக இதை எழுதுகிறவருக்குப் படுகிறது. 'புது வெள்ளம்' என்ற தலைப்பே தஞ்சைச் சமவெளிக்காரனின் சந்தோஷம். மேற்கே எங்கோ பெய்த மழை ஆற்றில் நுரைத்து வந்து, வாய்க்காலில் ஓடி, வயலை நனைக்கும் நாள் அவனுக்குத் திருவிழா. நமக்கு அப்படியா? 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மலை சரிந்தபோது இருந்தவர்களுக்கும், ஒவ்வொரு அடைமழைக்கும் லயத்துக்கு மேலே உள்ள மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறவர்களுக்கும் வெள்ளம் என்ற சொல் வேறு மாதிரித்தான் கேட்கும். குருந்து ஓயா பெருகினால் யாரும் சோறு கட்டிக்கொண்டு பார்க்கப் போவதில்லை. ஆகவே முதல் அத்தியாயம் உங்களில் சிலருக்கு ஒட்டவில்லை என்றால் அது ரசனைக் குறைவு ஆகாது. ஒரு நாவலின் முதல் பக்கம் வாசகன் எந்த மண்ணில் நிற்கிறான் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறது. நீங்கள் வேறு மண்ணில் நிற்கிறீர்கள்.

ஆனால் ஐந்தாம் அத்தியாயம் உங்களுடையது. சொல்லப்போனால் சென்னையில் இருந்துகொண்டு வாசிக்கிறவரைவிட உங்களுக்கே அது நன்றாகப் பிடிபடும்.

(புத்தகத்தை முடிக்காதவர்கள் இனி வரும் மூன்று பத்தியைத் தாண்டிப் போகலாம். சரித்திரத்தில் நடந்ததை மறைத்து வைக்க முடியாது. ஆனாலும் கதையின் மர்மத்தைக் கெடுத்தான் என்ற பழி வேண்டாம்.)

கடம்பூர் சம்புவரையர் மாளிகையில் விருந்தாளிகளுக்காகக் குரவைக் கூத்து நடக்கிறது. பிறகு வேலனாட்டம். தேவராளனும் தேவராட்டியும் ஆடுகிறார்கள். தேவராளனுக்கு அருள் வந்து, தெய்வம் பலி கேட்கிறது, அதுவும் ஆயிரம் வருடப் பரம்பரையுள்ள அரச குலத்து இரத்தம் கேட்கிறது என்கிறான். சாமியாட்டத்தைப் படத்திலோ மேடையிலோ மட்டும் பார்த்தவர்கள் இதை ஒரு நடனக் காட்சியாகப் பாவித்துத் தாண்டிவிடுவார்கள். மாரியம்மன் திருவிழாவில் உடுக்குச் சத்தம் ஏற ஏற, பக்கத்துக் காம்பிராக்காரர் முகம் மாறி யாரோ ஆகிவிடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்களுக்கு, அந்த நேரத்தில் வாயிலிருந்து வருகிற வாக்கின் பாரம் தெரியும். விளையாட்டாகச் சொன்னதா, சொல்லச் சொன்னதா, உண்மையாகவே வந்ததா என்று கூட்டம் தனக்குள் கணக்குப் போடும் அந்த நிமிடம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கல்கி அந்த நிமிடத்தைத்தான் எழுதுகிறார். ஆடுகிற தேவராளன் உண்மையில் யார் என்பது பின்னால் தெரியவரும்போது, அந்த வாக்கு பக்தியா சதியா என்ற சந்தேகம் இன்னும் இறுகுகிறது.

அடுத்த அத்தியாயத்தில் நடுநிசிக் கூட்டம். சுந்தர சோழருக்குப் பிறகு ஆதித்த கரிகாலன் பட்டத்துக்கு வரக்கூடாது என்று சிற்றரசர்கள் பேசிக்கொள்கிறார்கள். மூடுபல்லக்கிலிருந்து மதுராந்தகன் இறங்குகிறான். ஏரிக்கரையில் பழுவேட்டரையர் பரிவாரத்தோடு போன பல்லக்கை நினைவு வைத்திருந்தால், ஊர் முழுக்க உள்ளே ஒரு பெண் இருப்பதாக நினைத்ததையும் நினைத்துப் பார்த்தால், "இன்னும் ஏரிக்கரையிலேயே நிற்கிறான்" என்று எழுதிய தம்பி கொஞ்சம் யோசிப்பார். அங்கே நின்றதனால் கிடைத்த காட்சி அது. நான்கு பாகம் கழித்து, ஐந்தாம் பாகத்தின் நடுவில், கரிகாலன் கொலையுண்டு விழுவதும் இதே கடம்பூர் மாளிகையில்தான். அரச இரத்தம் கேட்ட கூரைக்குக் கீழேயே அது சிந்துகிறது. கதையின் முதல் இரவில் போட்ட விதை மூன்று வருடம் வாரா வாரம் எழுதிய பிறகு அதே வீட்டில் முளைக்கிறது. காமன் ஊன்றுகிற அன்றைக்கு எரிப்பு வருமா என்ன? ஊன்றாமல் எரிப்பும் கிடையாது.

இவ்வளவும் சொன்னதற்காக முதற் பாகத்தில் குறையே இல்லை என்று சத்தியம் பண்ண முடியாது. முதலை விஷயத்தில் "சின்னப்பிள்ளை விளையாட்டு" என்று எழுதிய கைக்கே இந்த மடலின் வாக்கு. பெண்கள் அலறுகிறார்கள், வந்தியத்தேவன் வேலோடு பாய்கிறான், பஞ்சு அடைத்த முதலை என்று தெரிகிறது. அதற்குப் பிறகு வரும் சிரிப்பு பழையாறை அரண்மனைப் பெண்களின் சிரிப்பாக இல்லை, பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகத்துச் சிரிப்பாக இருக்கிறது. தற்செயலுக்கும் ஒரு அளவு வேண்டும். வந்தியத்தேவன் படுக்கிற இடத்தில் சதி கேட்கிறது, ஒளிகிற இடத்தில் இரகசியம் பேசுகிறார்கள், நுழைகிற சோதிடர் வீட்டில் இளவரசி இருக்கிறாள். பிரான்சில் அலெக்சாந்தர் துமா 1844இல் தொடராக எழுதிய 'மூன்று மஸ்கட்டியர்கள்' கதையிலும் குதிரை ஏறி வந்த இளைஞன் ஒருவனுக்கு இப்படித்தான் எல்லாம் வழியிலேயே அமைகிறது. ஆழ்வார்க்கடியானின் சைவ வைணவச் சண்டையும் முதல் தடவை சுவை. மூன்றாம் தடவை புத்தகத்தை வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போகத் தோன்றும்.

ஆனாலும் ஐந்து பாகத்தில் எது சிறந்தது என்று கேட்டால் இந்த மடலின் தீர்ப்பு முதற் பாகத்துக்கே. ஐந்தாம் பாகம் 91 அத்தியாயம். முடிச்சுகளை அவிழ்ப்பதிலேயே அதன் பாதி போய்விடுகிறது. முதற் பாகத்தில் கல்கிக்கு இன்னும் கடன் எதுவும் இல்லை. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று அவரே முடிவு கட்டாத மாதிரி எழுதுகிறார். லதா மண்டபத்தில் நந்தினி வந்தியத்தேவனோடு பேசுவதை வாசித்துப் பாருங்கள். அவள் பேச்சில் எது உண்மை எது நடிப்பு என்று அந்தப் பக்கத்தில் சொல்லவே முடியாது.

இனி அந்த நான்காவது கை. ராஜாக்கள் கதையில் நமக்கு என்ன பங்கு?

நல்ல கேள்வி, இந்த நாட்டில் பழைய கேள்வியும்கூட. க. கைலாசபதி 1968இல் 'தமிழ் நாவல் இலக்கியம்' நூலைக் கொண்டுவந்ததிலிருந்து, நாவலை அது பிறந்த சமூகத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று இலங்கையில் ஒரு தலைமுறையே பழகியது. அப்படியே பார்ப்போம். 'புது வெள்ளம்' வாரா வாரம் வந்துகொண்டிருந்த 1950, 1951ஆம் ஆண்டுகளில் இந்த மலைகளில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1948இன் குடியுரிமைச் சட்டம் நம் பெற்றோரின் பெற்றோரை நாடற்றவர்களாக்கி இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. 1947இல் ஓட்டுப் போட்டு, தலவாக்கலையிலிருந்து சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952 தேர்தலில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வருடம் ஏப்ரலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சத்தியாக்கிரகத்தில் இறங்கியது. தமிழ்நாட்டில் சோழ சிம்மாசனம் யாருக்கு என்று அரட்டை அடித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், இங்கே கணக்குப்பிள்ளை வீட்டிலும் வாத்தியார் வீட்டிலும் அந்த இதழை வாங்கி வாசித்தவர்களுக்கு, தாங்கள் எந்த நாட்டுக் குடிகள் என்பதே நிச்சயமில்லை. அவர்கள் ஏன் அதை விரும்பி வாசித்தார்கள் என்று சிரிக்கத் தோன்றலாம். ஒரு ஓட்டும் இல்லாதவருக்கு, தமிழில் எழுதிய ஒரு பெரிய அரசு வாரத்துக்கு ஒருமுறை தபாலில் வந்தது. அதன் ஆறுதலை லேசாக எடைபோட வேண்டாம். ஆறுதல் என்பதற்காக அதை அரசியலாக்கிக் கொடி கட்டவும் வேண்டாம்.

நாவலுக்குள்ளேயே பார்த்தாலும் கேள்வி எழுதியவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 'புது வெள்ளம்' நமக்கு ஒரு சேந்தன் அமுதனைக் காட்டுகிறது. தஞ்சையில் கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுத்து, வாய்பேச முடியாத தாயோடு குடிசையில் வாழ்கிற பையன். தேவாரம் பாடுகிறான். ராஜாங்கத்தோடு அவனுக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. முதற் பாகத்தில் நம் சாதிசனம் மாதிரித் தெரிகிற ஒரே ஆள் அவன். கடைசியில் முடிசூடுகிறவனும் அவனே. ஆகா என்று கை தட்டப் போகும்போது கல்கி சொல்கிறார், அவன் பிறப்பிலேயே அரசகுமாரன், குழந்தையில் மாறிப்போனவன் என்று. பூக் கட்டுகிறவன் சிம்மாசனம் ஏற வேண்டுமென்றால் அவன் முதலிலேயே ராஜா வீட்டுப் பிள்ளையாக இருந்திருக்க வேண்டும் என்பது இந்த நாவலின் நெஞ்சுக்குள் இருக்கிற எண்ணம். நான்காவது கை அதைத்தான் மணந்திருக்கிறது. வெறும் வாசிப்புச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆகவே 'புது வெள்ளம்' வாசிக்கிற மேசையிலேயே கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யும் கிடக்கட்டும். 1964இல் வந்த நாவல். கடல் தாண்டிக் கூட்டி வரப்பட்டவர்களின் கதை. என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து'ம் கிடக்கட்டும். அவற்றில் முடிசூட்டு விழா கிடையாது. வந்தியத்தேவன் போகாத மலைகள் அவற்றில் இருக்கின்றன. ஒன்றை வாசித்தவர் மற்றதை வாசிக்கக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு யாரும் போடவில்லையே.

ராஜா கதையிலும் நமக்கு ஒரு பங்கு இருக்கத்தான் செய்கிறது. அது இலங்கைப் பங்கு. முதற் பாகத்தில் அருள்மொழிவர்மன் பெரும்பாலும் மேடைக்கு வருவதில்லை. அவன் இலங்கையில் படையோடு இருக்கிறான். தஞ்சையில் அவனைப் பற்றி ஒரே முறுமுறுப்பு: படைக்கு வேண்டிய அரிசியைச் சோழ நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக அனுப்பச் சொல்கிறானே என்று. போன நாட்டில் எடுத்துத் தின்ன வேண்டியதுதானே என்பது பழுவேட்டரையர் பக்கத்து வாதம். அந்த நாட்டுக் குடிகளின் வாயிலிருந்து பிடுங்கித் தின்ன மாட்டேன் என்பது இளவரசன் பக்கம். 'புது வெள்ளம்' வாசித்த எத்தனை பேர் இந்த அரிசித் தகராறை நினைவு வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. படை எடுத்துப் போன நாட்டில் சாப்பாடு யாருடையது என்ற கேள்வி, படை பார்த்த இந்த நாட்டில் வாசிக்கும்போது வேறு கனத்தில் விழுகிறது.

அதே வேளை ஒன்றைப் பிரித்து வைக்க வேண்டும். இது நாவல், சரித்திரப் பாடம் இல்லை. ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது உண்மை. காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன், சோமன், பரமேசுவரன் ஆகியோரின் பெயரைச் சொல்லி, அவர்களைச் சார்ந்தவர்களின் சொத்தைப் பறிமுதல் செய்ததைப் பதிந்திருக்கிறது. நந்தினியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் கற்பனை. ராஜராஜன் 985இல் பட்டத்துக்கு வந்த பிறகு சோழப் படை இங்கே வந்ததும், அனுராதபுரம் வீழ்ந்ததும், பொலன்னறுவை சோழர் தலைநகரானதும், 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறை பிடிக்கப்பட்டதும், 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை விரட்டியதும் சரித்திரம். உங்கள் பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளை அந்தச் சரித்திரத்தை வேறு உணர்ச்சியோடு பள்ளியில் படித்திருக்கிறது. சுற்றுலாவில் பொலன்னறுவைக்குப் போய், சோழர் கட்டிய கற்கோயிலான இரண்டாம் சிவதேவாலயத்தின் முன் நின்று, நம்ம ஆள் கட்டியது என்று நெஞ்சை நிமிர்த்துகிற தம்பி, நூற்றைம்பது இருநூறு வருடத்துக்கு முன்னால் பஞ்சத்தில் கிளம்பி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியில் நடந்தே மலை ஏறிய தன் பாட்டன் எந்தச் சோழன் படையில் இருந்தான் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம். கோயில் அழகுதான். அதில் நமக்கு உள்ள பாத்தியதை, நாம் வாசிக்கிற மொழி வழியாக வந்தது. வாள் வழியாக வந்ததில்லை.

கல்கி இதை ஓரளவு உணர்ந்தே எழுதியிருக்கிறார் என்பதற்கு இரண்டாம் பாகம் சாட்சி. 'சுழற்காற்று' கோடிக்கரையில் பூங்குழலியோடு தொடங்குகிறது. படகோட்டுகிற பெண், முதற் பாகத்தில் அவள் இல்லை. அவள் படகில் வந்தியத்தேவன் இலங்கைக்கு வருகிறான். தம்புள்ளை வருகிறது, அனுராதபுரம் வருகிறது. படையால் சிதைந்த விகாரைகளைத் திருத்திக் கொடுக்கிற அருள்மொழி வருகிறான். பிக்குகள் இலங்கை முடியையே எடுத்துக் கொடுக்க, வேண்டாம் என்கிறான். அது நடந்த சரித்திரம் ஆகாது, 1950களில் ஒரு தமிழ் எழுத்தாளன் கண்ட ஆசை. இலங்கைக்கு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனவர் கண்ட ஆசை என்பதால் அந்தப் பக்கங்களில் காடும் குளமும் புத்தர் சிலையும் நம்பும்படி நிற்கின்றன.

ஆக, எழுபதாம் பக்கத்தில் மூடியவர்களும், முதற் பாகத்தோடு நிறுத்திக்கொண்டவர்களும் கதை தங்கள் நாட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே எழுந்து போய்விட்டார்கள். இராகலையிலிருந்து கண்டி பஸ் ஏறி, மலை இறங்குவதற்கு முன்னமே இறங்கிக்கொண்ட மாதிரி.

பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஓரத்தில் பென்சிலால் எழுதவும் உரிமை உண்டு; பேனாவால் மட்டும் எழுதாதீர்கள், அடுத்தவர் அழிக்க முடியாது. ஒரு வேண்டுகோள்: "மெதுவாகப் போகிறது" என்று எழுதுகிறவர் எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்பதையும் பக்கத்திலேயே குறிக்கட்டும். அற்புதம் என்று எழுதுகிறவர் எந்த அத்தியாயம் என்று சொல்லட்டும். "சூப்பர்" என்ற ஒரு சொல்லையும் "வேஸ்ட்" என்ற ஒரு சொல்லையும் வைத்துக்கொண்டு யாரும் யாரோடும் சண்டைகூடப் போட முடியாது.

இந்தியப் புத்தகம் இங்கே வந்து சேரும்போது ஐந்து பாகத்தின் விலை பல நாள் சம்பளம். 2022இல் ரூபாய் விழுந்ததில் அது இன்னும் எட்டாமல் போயிற்று. தமிழக அரசு கல்கியின் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிவிட்டதால் கைப்பேசியில் காசில்லாமல் கிடைக்கும். ஆனால் அதில் கொழுந்துக் கறையும் பென்சில் சண்டையும் இருக்காது. 'புது வெள்ளம்' சுற்றிச் சுற்றி வருகிற இந்தத் தோட்டங்களில் 'சுழற்காற்று' எங்கே என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கிறார்களில்லை. யாரிடமோ இருக்கிறது. பெட்டிக்கு அடியிலோ, சாமிப் படத்துக்குப் பின்னாலோ, வெளியூருக்கு வேலைக்குப் போன அண்ணனின் பழைய பையிலோ. அட்டை கிழிந்திருந்தாலும் சரி, முதல் பத்துப் பக்கம் இல்லாவிட்டாலும் சரி, எடுத்துச் சுற்றுக்கு விடுங்கள். நான்காவது கை யாருடையதோ, அவருக்கு அது முதலில் போகட்டும்.